ஏழாவது சாவு

நாதமுனி எடுத்த ஏழு படங்களிலும்
செத்தவன் நான்தான்.

முதல் படத்தில் கரிக்கப்பலிலிருந்து விழுந்தேன்.
துறைமுகத்தில் நிஜமாகவே கரி சுமந்துகொண்டிருந்தவனிடம் வந்து
"உனக்கு விழத் தெரியுமா?" என்றார்.
விழாமல் இருக்கத்தான் இங்கே கூலி என்றேன்.
அந்தப் பதிலுக்கே எடுத்துக்கொண்டார்.

கோடம்பாக்கத்தில் தளம் இருந்தது, மின்விசிறி இருந்தது,
மழைக்குத் தனிக் குழாய் இருந்தது.
இவருக்கு ராயபுரம் தண்டவாளம்.
பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸ் புகை.
மழை வந்தால் மழை.
"யானைகவுனிக்கு வடக்க எல்லாமே செட்டுதான்யா,
வாடகைதான் கிடையாது."

பெரிய கம்பெனிகள் வெட்டிப்போட்ட
துண்டு பிலிமை எடைக்கு வாங்குவார்.
நாற்பதடி. சில நாள் அறுபது.
நாற்பதடி என்றால் இருபத்தேழு வினாடி;
அதற்குள் காதலைச் சொல்லி முடிக்காத கதாநாயகன்
மறுநாள் வேறு ஆள்.
இது புதுப் பாணி என்று ஒரு பத்திரிகை எழுதியது.
அதைக் கத்தரித்து
சவுகார்பேட்டை சேட்டிடம் காட்டி
ஒரு மாதம் தவணை வாங்கினார்.

கணக்கெழுதியது அவர் மனைவி செஞ்சம்மா.
தெலுங்கில்.
நாதமுனிக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.
எல்லாம் யோசித்துத்தான் எழுதினாள்.

ருஷ்யாக்காரன் நாயை மேலே அனுப்பிய வருஷம்
அத்திப்பட்டு உப்பளத்தில் சந்திர மண்டலம் எடுத்தோம்.
பௌர்ணமி இரவு, விளக்குச் செலவு மிச்சம்.
நிலா வெளிச்சத்திலேயே நிலாவை எடுத்தவன் நான் ஒருத்தன்தான் என்று
லாரி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.
கழுவிப் பார்த்தால்
முன்னூறு அடியும் இருட்டு.

மறுபடி போனோம்.
நடுப்பகல், லென்ஸுக்குச் சிவப்புக் கண்ணாடி.
மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த சட்டையில்
சந்திரவாசியாக நான் செத்துக் கிடந்தேன்.
குதிகால் வெடிப்பில் உப்பு இறங்கியது.
"பொணம் காலை ஆட்டுது" என்றான் கேமராக்காரன்.
"சந்திரன்ல ஆட்டும். ஓடவிடு" என்றார் நாதமுனி.

பொன்னேரியில் மூன்று நாள் ஓடியது.
அணாவில் பேசிய கூலியை
நயா பைசாவாக மாற்றித் தந்தார்.
அதில் ஒன்றிரண்டு எங்கோ உதிர்ந்தது.

ஏழாவது காசிமேட்டில்.
கத்திக்குத்து வாங்கி அலையோரம் விழுந்தேன்.
கிர்ரென்று ஓடிய கேமரா நின்றது, பிலிம் தீர்ந்துவிட்டது.
அவர் கட் சொல்லவில்லை.
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
மறு துண்டுக்கு ஆள் போனான்,
வரவில்லை.
அலை இரண்டு முறை என்மேல் ஏறி இறங்கியது.
இருட்டிய பிறகு நானாகவே எழுந்து
மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆறு படத்தின் நெகட்டிவும் சேட்டிடமிருந்து
வெள்ளி உருக்குகிறவனுக்குப் போனதாகக் கேள்வி.
எவ்வளவு வெள்ளி தேறியது என்று
செஞ்சம்மா மட்டும் விசாரித்து வைத்திருந்தாள்.

பத்து வருஷம் கழித்து
கொருக்குப்பேட்டையில் சுகாதார இலாகா வேன்.
பள்ளிக்கூடச் சுவரில் மலேரியாப் படம்.
கொசு முட்டையிடும் இடத்தை
அளவுக்கு மீறிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.
திடீரென்று சுவர் கறுத்தது,
மூன்றெண்ணினால் மறுபடி வெளிச்சம்,
அடுத்த காட்சி.
திரும்பிப் பார்த்தேன். ஆபரேட்டர் நாதமுனி,
காக்கிச் சட்டையில்,
பிடிக்காத இடங்களை
உள்ளங்கையால் மறைத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் நின்றேன்.
ஏழாவது சாவுக்குக் கூலி பாக்கி என்றேன், சிரித்துக்கொண்டுதான்.
அவர் சிரிக்கவில்லை.
"நான் இன்னும் கட் சொல்லலையேப்பா.
அதுவரைக்கும் ஏறிக்கிட்டுதான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.
சுவரில் கொசு போய்
ஐந்து விரல் நின்றது.
குழந்தைகள் கைதட்டின.